டோல்கேட்டுல மட்டும் நிக்கிற மாப்ளைக்கு

அந்தக் காமிராவோட வெலைய உங்கம்மா சொன்னா மாப்ள. கேட்டு எனக்கு வருத்தமெல்லாம் இல்ல. ஒரு ஜோடி உழவு மாடு வாங்கியிருக்கலாமேன்னு ஒரு கணக்கு மனசுல ஓடுச்சு, அவ்வளவுதான். வாங்கியிருந்தா தீனி போடணும், சாணி அள்ளணும். காமிராவுக்கு ராத்திரி சார்ஜ் போட்டா போதும். நீ புத்திசாலி.

எடுத்த படமெல்லாம் போன்ல பாத்தேன். லடாக்குல ஏரி, மூணாறுல மேகம், வர்க்கலாவுல கடலு. அப்பறம் இத்தாலி. பைசா ஊர்ல சாஞ்ச கோபுரத்தை நீ உள்ளங்கையால முட்டுக் குடுத்துத் தாங்குற படம். 1173ல கட்ட ஆரம்பிச்சாங்களாம், மூணாவது மாடி வர்றதுக்குள்ள சாஞ்சுடுச்சாம். எண்ணூறு வருஷமா ஒத்தையில நின்னுது பாவம், நீ போயித்தான் அதுக்கு ஒரு தொணை கெடைச்சுது. நல்ல காரியம் பண்ணுன. இங்க நம்ம வெங்காயப் பட்டறையிலயும் ஒரு காலு சாஞ்சு கெடக்கு. அதுக்கு முட்டுக் குடுக்கத்தான் ஆளு அகப்படல.

"நம்ம ஊர்ல எடுக்கறதுக்கு என்னா மாமா இருக்கு, வெறும் பொட்டக்காடு"ன்னு பொங்கலுக்கு வந்தப்பத் திண்ணையில உக்காந்துகிட்டுக் கேட்ட. நான் பதில் சொல்லல, வாயில வெத்தல இருந்துது. இப்பத் துப்பிட்டுச் சொல்றன், கேட்டுக்க.

சென்னையிலேருந்து திருச்சி ரோட்டுல பறந்து வர்ற. நம்ம மாவட்டத்துல உன் காரு நிக்கிறது திருமாந்துறை டோல்கேட்டுல மட்டும். ஃபாஸ்டேக் வந்தப்பறம் அங்கயும் நிக்கிறதில்ல, மூக்கை நீட்டி மோந்து பாத்துட்டு ஓடிடுது. அங்கேருந்து பெரம்பலூர் வர்றதுக்குள்ள ரோட்டோரமா ரஞ்சன்குடிக் கோட்டை நிக்குது. மூணு அடுக்கு மதிலு, அகழி. 1751ல வாலிகண்டபுரத்துப் பக்கம் சந்தா சாகிப்புக்கும் முகம்மது அலிக்கும் நவாபு பட்டத்துக்காக நடந்த சண்டை இங்கதான். ஒருத்தனுக்குப் பின்னாடி பிரெஞ்சுக்காரன், இன்னொருத்தனுக்குப் பின்னாடி இங்கிலீசுக்காரன். எங்கயோ பொறந்தவன் கப்பலேறி வந்து நம்ம கொல்லையில சுட்டுகிட்டான். அவனுங்க அவ்வளவு தூரம் வந்தானுங்க. நீ ரோட்டுலேருந்து எடது பக்கமோ வலது பக்கமோ ஒரு ஸ்டீயரிங்கு திருப்ப மாட்டேங்குற.

பெரம்பலூருக்கு ரயிலும் கெடையாது. அதனால ஜன்னலோரம் உக்காந்து ஊரு பாக்குற சோம்பேறித்தனத்துக்கு வழியில்ல. எறங்கி நடந்தாத்தான் உண்டு.

மொதல்ல காரைங்கிற ஊருப் பக்கம் போ. அங்க பூமி மழையில அறுபட்டு அறுபட்டு, ஓடையும் மேடுமா, களிமண்ணா விரிஞ்சு கெடக்கும். புல்லுகூட ரெண்டு தடவ யோசிச்சுத்தான் மொளைக்கும். உச்சி வெயில்ல போயி நின்னுட்டு "லைட்டு சரியில்ல மாமா"ன்னு போன் போடாத. அந்நேரத்துல எல்லாம் ஒரே வெளுப்பு, பள்ளம் எது மேடு எதுன்னு காமிராவுக்கும் தெரியாது, உன் காலுக்கும் தெரியாது. பொழுது கெளம்புறப்பப் போ, இல்ல சாயறப்பப் போ. அப்பத்தான் ஒவ்வொரு அறுப்புலயும் நெழலு விழுந்து பூமி எழும்பி நிக்கும். இதை எனக்கு யூடியூபுல யாரும் சொல்லித்தரல. ஆடு மேய்ச்சவனுக்கு நெழலு எந்நேரம் எங்க விழும்னு தெரியாமப் போவுமா?

காலுக்குக் கீழயும் பாரு. களிமண்ணுக்கு நடுவுல ஜிப்சம் பாளம் பாளமா மின்னும். சுருள் சுருளா கல்லு கெடக்கும். அம்மோனைட்டுன்னு சொல்றாங்க. கடல்ல நீந்துன உயிரு, மாப்ள. சுமாரா பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி நீ நிக்கிற எடம் கடலு. வர்க்கலாவுக்குப் போயி அலையப் படம் புடிச்சியே, அதைவிடப் பழைய கடலு ஒன்னு உங்க தாத்தா ஆடு ஓட்டுன எடத்துல காஞ்சு கெடக்கு. 1862லயே பிளான்ஃபோர்டுன்னு ஒரு வெள்ளக்காரரு இந்த மண்ணை அடுக்கடுக்காப் பிரிச்சு, ஊட்டத்தூரு, திருச்சி, அரியலூருன்னு பேரு வச்சு எழுதிட்டாரு. உலகத்துல எந்த நாட்டுல நிலவியல் படிக்கிறவனுக்கும் அரியலூருன்னா தெரியும். உன் ஆபீசுல பக்கத்து சீட்டுக்காரன்கிட்டத்தான் "திருச்சிக்குப் பக்கத்துல"ன்னு சொல்லிகிட்டு இருக்க.

கல்லைப் பொறுக்கிப் பாக்கெட்டுல போட்டுக்காத. போனவன் வந்தவனெல்லாம் ஆளுக்கு ஒன்னுன்னு அள்ளிட்டுப் போயி ஷோகேஸுல வச்சு, அதுமேல தூசி படியுது. ஆசையா இருந்தா வாரணவாசியில அருங்காட்சியகம் இருக்கு, அங்க போயிப் பாரு.

சாத்தனூருல கல்லாப் போன மரம் ஒன்னு கெடக்குறது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துல கூட்டிகிட்டுப் போனப்ப அது மேல உக்காந்து புளிசாதம் தின்னவன்தானே நீ. பதினெட்டு மீட்டர் நீளம், 12 கோடி வருஷத்து மரம்னு சொல்றாங்க. ஆத்துல அடிச்சுகிட்டு வந்து கடலோரச் சேத்துல பொதைஞ்சு கல்லாயிடுச்சு. 1940ல இந்திய நிலவியல் ஆய்வுத் துறையச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன்தான் அதை எழுதி வச்சாரு. அதைப் படம் எடுக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வெறுமனே எடுத்தா யாரோ ரோட்டோரம் போட்டுட்டுப் போன கல்லுத் தூணுன்னு நெனைப்பான். நிலவியல்காரங்க அளவு தெரியறதுக்குப் பக்கத்துல சுத்தியல வச்சு எடுப்பாங்க. உன்கிட்டச் சுத்தியலு இருக்காது. என்னய நிக்க வையி. ரெண்டும் பழசுதான், எது எவ்வளவு பழசுன்னு மட்டும் கீழ சரியா எழுதிப்புடு.

கீழ எழுதறதுன்னதும் ஞாபகம் வருது. 2020ல குன்னத்துல உருண்டை உருண்டையாக் கல்லு வெளிய வந்துது. அவ்வளவுதான், டைனோசர் முட்டைன்னு வாட்சாப்புல உலகம் பூரா போயிடுச்சு. முட்டைமேல கைய வச்சுகிட்டு நின்ன படம் எத்தனை! அப்பறம் ஆராய்ச்சிக்காரங்க வந்து பாத்துட்டு, முட்டையும் இல்ல ஒன்னும் இல்ல, கடல் வண்டலு கெட்டிப்பட்ட உருண்டைன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதுக்காக நம்ம பக்கம் முட்டையே இல்லைன்னு நெனைச்சுக்காத. 2009லயே செந்துறைப் பக்கத்துல சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்காரங்க நெசமான டைனோசர் முட்டைய எடுத்துக் காட்டிட்டாங்க. நெசமானது வந்தப்ப இவ்வளவு கூட்டம் வரல. படம் எடுக்கறது ஒரு நொடி. கீழ என்னா எழுதறதுன்னு ஒரு வாரம் விசாரி.

இப்ப விஷயத்துக்கு வர்றன். அந்தக் கடலு எங்க போச்சு தெரியுமா? செத்த சிப்பி, நத்தை, கண்ணுக்கே தெரியாத சில்லறை உசுரு, எல்லாத்தோட கூடும் அடியில படிஞ்சு சுண்ணாம்புக் கல்லாச்சு. 1979ல அரசாங்கமே அரியலூருல சிமெண்டு ஆலை வச்சுது. தனியாரு ஆலையும் வரிசையா வந்துது. தோண்டுறான், அரைக்கிறான், சுடுறான், மூட்டை கட்டுறான், லாரியில ஏத்துறான். நீ சென்னையில இருக்கியே பதிமூணாவது மாடி, அது எந்தக் கல்லுன்னு நெனைக்கிற? மேம்பாலத்துக்கு அடியில ராத்திரி லைட்டை வச்சு நீ எடுத்த படத்துக்கு எத்தனை பேரு லைக்கு போட்டான்! அதுல எத்தனை மூட்டை நம்ம ஊரு மூட்டையோ. நீ ஊரை விட்டுப் போயிட்டதா நெனைச்சுகிட்டு இருக்க. ஊரு உனக்கு முன்னாடியே லாரி ஏறிப் போயி அங்க தூணா நிக்குது.

அதனால சுரங்கத்தையும் எடு. தோண்டிப் போட்ட குழியில மழைத்தண்ணி நின்னு நீலமாவும் பச்சையாவும் தெரியும். பையனுங்க அதைப் படம் எடுத்து, பேரைச் சொல்லாம, இது எந்த நாடுன்னு கண்டுபிடின்னு போடுறானுங்க. நீ போட்டா குழின்னு போடு. எவ்வளவு ஆழம்னு பக்கத்து ஊருக்காரன்கிட்டக் கேட்டுப் போடு. கரையில போயி நின்னு சாகசம் பண்ணாத. சரியுற மண்ணு. உங்கம்மாவுக்கு என்னால பதில் சொல்ல முடியாது.

லாரி போற ரோட்டுல புளியமரத்து எலையெல்லாம் வெள்ளையா இருக்கும். பனின்னு நெனைச்சு ஸ்வெட்டர் போட்டுகிட்டு எறங்கிடாத.

இத்தாலிக்குப் போனியே, அங்கேருந்து இங்க ஒருத்தரு வந்தாரே, அவரைப் பத்தி உனக்குத் தெரியுமா? மாந்துவா பக்கத்துல காஸ்திலியோனேன்னு ஒரு ஊரு. 1680ல பொறந்தவரு. கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. பாதிரியாரா கப்பலேறி வந்தவரு நம்ம அரியலூரு மாவட்டத்து ஏலாக்குறிச்சியில வந்து தங்கி, அடைக்கல மாதாவுக்குக் கோயிலு கட்டி, வீரமாமுனிவரு ஆயிட்டாரு. ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூருன்னு பேரு வச்சு, அந்த ஊரு மேலயே ஒரு கலம்பகம் பாடினாரு. அரியலூரு ஜமீனுக்கு வந்த ராஜபிளவையக் கொணப்படுத்துனாருன்னும், அதுக்காக ஜமீன்தாரு கோயிலுக்கு நெலம் குடுத்தாருன்னும் அங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. 1747ல செத்துப் போறவரைக்கும் அவரு சொந்த ஊருக்குத் திரும்பிப் போகல. அவரு நாட்டுக்கு நீ போயி படம் எடுத்த. உன் ஊருக்கு அவரு வந்து பாட்டு எழுதுனாரு. கணக்கு சரியாப் போச்சு, ஆனா நட்டம் யாருக்குன்னு நீயே பாத்துக்க.

அவரு எழுதுனதுதான் பரமார்த்த குரு கதை. ஒரு குரு, அஞ்சு முட்டாச் சீடனுங்க. ஆத்தைத் தாண்டிக் கரையேறினதும் எல்லாரும் வந்துட்டாங்களான்னு ஒருத்தன் எண்ணுனான். அஞ்சுதான் வந்துது. தன்னைச் சேத்துக்கல. இன்னொருத்தன் எண்ணுனான், அதே அஞ்சு. ஆறு ஒருத்தனை முழுங்கிடுச்சுன்னு ஒப்பாரி வச்சானுங்க. வழியில போன ஒருத்தன் விஷயத்தைப் புரிஞ்சுகிட்டு, காணாமப் போனவனை வரவழைக்கிறன், காசு எடுன்னான். காசை வாங்கிகிட்டு, ஒவ்வொருத்தன் முதுகுலயும் தடியால ஒரு போடு போட்டு, பேரைச் சொல்லுடான்னு எண்ணுனான். ஆறு பேரு வந்துது. நீ லடாக்கு, மூணாறு, வர்க்கலா, இத்தாலின்னு எண்ணிகிட்டு வந்து ஒன்னு கொறையுதேன்னு நிக்கிற. உன் முதுகு இருக்கு, என் கையில தடி இருக்கு. காசு மட்டும் இன்னும் பேசல. கடைசியில பேசிக்கலாம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நீ தானாவே போவ, தெரியும். யுனெஸ்கோ 2004ல சேத்துகிட்டான், 2025 ஆடித் திருவாதிரைக்குப் பிரதமரு வந்துட்டாரு, இனிமே போகலைன்னா உனக்கு மரியாதையில்ல. போ, ஆனா ட்ரோனு விட்டு எல்லாரும் எடுத்த படத்தையே நீயும் எடுக்காத. தஞ்சாவூரு விமானம் விறைப்பா ஏறும், நம்மது வளைஞ்சு ஏறும். அந்த வளைவு தரையில நின்னு அண்ணாந்து பாத்தாத்தான் தெரியும். அப்பாவைவிட ஒசரமாக் கட்ட மாட்டேன்னு மகன் கொறைச்சுக் கட்டுனான்னு எங்கய்யா சொல்லுவாரு. உங்கப்பன் ஒசரம் என்னான்னு உனக்குத் தெரியும், நீ கவலைப்பட வேண்டியதில்ல.

கோயிலச் சுத்தி வந்த பெரிய மதிலு எங்கன்னு தேடு. பாதிக்கு மேல இருக்காது. அதைப் படம் எடுக்கணும்னா கொள்ளிடத்துக்குப் போகணும், அணைக்கரைக்கு. 1836ல கீழணை கட்டறப்ப இந்தக் கோயிலு கல்லைப் பேத்து எடுத்துகிட்டுப் போயிட்டானுங்க. ஊருக்காரங்க மறிச்சு நின்னாங்க, தண்டனைதான் கெடைச்சுது. அப்பறம், சரி, செங்கல்லுல ஒரு சுவரு கட்டித் தர்றோம்னு சமாதானம் சொல்லியிருக்கான். கட்டித் தரல. அந்தக் கீழணையில தேங்குற தண்ணி வடவாறு வழியா வீராணத்துக்குப் போவுது, வீராணத்துலேருந்து குழாயில சென்னைக்கு வருது. நீ காலையில பல்லு வெளக்கிட்டுக் கொப்புளிக்கிறியே, அதுல ராஜேந்திர சோழன் மதிலைத் தடவிகிட்டு வந்த தண்ணியும் கொஞ்சம் இருக்கும். ஒரு பக்கம் கோயிலு, ஒரு பக்கம் அணை, ரெண்டையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வையி. கீழ ஒன்னும் எழுத வேணாம்.

கரைவெட்டி ஏரிக்கு மார்கழி, தையில போ. மேட்டூரு தண்ணி புள்ளம்பாடி வாய்க்கால்ல வந்து ஏரி நெறைஞ்சிருக்கும். 1999லயே பறவைகள் சரணாலயம், 2024ல ராம்சார்ல சேத்துட்டாங்க. தலையில ரெண்டு கருப்புப் பட்டை போட்ட வாத்து ஒன்னு வரும். மங்கோலியா, திபெத்துப் பக்கத்துலேருந்து இமயமலையத் தாண்டி வருது. நீ பெருங்களத்தூரைத் தாண்டறதுக்கு மூணு நாளு லீவு கேக்குற.

ஞாயித்துக்கிழமை வந்து சிறுவாச்சூரு மதுரகாளியம்மனப் பாக்கணும்னு நிக்காத. அம்மன் தரிசனம் குடுக்கறது திங்களும் வெள்ளியும். உன் கம்பெனி காலண்டரை அம்மா பாக்கறதில்ல. கல்லங்குறிச்சிக்குப் போனா கலியுக வரதராசப் பெருமாளுக்கு மொகமே கெடையாது, கம்பம்தான் சாமி. விளைஞ்சதுல மொதலு மூட்டையும், ஈன்ற கன்னுக்குட்டியும் அங்க வந்துடும். அந்தக் கூட்டத்தை எடு, சன்னதிக்குள்ள காமிராவ நீட்டாத. அரும்பாவூருக்குப் போனா மரச் சிற்பக்காரங்க. 2020ல அவங்களுக்குப் புவிசார் குறியீடு கெடைச்சுது. உளி போற வேகத்துக்கு உன் ஷட்டரு ஈடு குடுக்குதான்னு பாரு.

மருதையாத்துப் பாலத்துக்குப் போறப்ப மட்டும் சத்தம் போடாமப் போ. 1956 நவம்பரு 23, விடியறதுக்கு முன்னாடி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸு அங்க வெள்ளத்துல விழுந்துது. நூத்தி நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியவே விட்டாரு. நான் அப்ப கைப்புள்ள. எங்கய்யா மழை பேஞ்சா அந்தக் கதையச் சொல்லிட்டுத்தான் தூங்குவாரு. அரியலூரைத் தனி மாவட்டமா 2001ல பிரிச்சாங்க, மறு வருஷமே சேத்தாங்க, 2007ல திரும்பப் பிரிச்சாங்க. அந்தக் கடைசிப் பிரிப்பும் நவம்பரு 23தான். யாரும் யோசிச்சு வச்ச தேதியாத் தெரியல. அங்க நீ எடுக்கறதுக்கு ஒன்னும் இருக்காது. ஆறும் பாலமும்தான். போயி நின்னுட்டு வா.

இன்னொன்னு. காமிராவோட கிராமத்துக்கு வர்றவன் எல்லாம் எதுக்குக் கெழவி மொகத்துச் சுருக்கத்தைத் தேடிகிட்டுப் போறீங்க? அதையும் கருப்பு வெள்ளையில. அவ கட்டியிருக்கறது கிளிப்பச்சைச் சேலை, ஜாக்கெட்டு ரோஸு. ஆசையாப் பாத்து எடுத்த கலரை அழிச்சுட்டு சோகம்னு தலைப்பு வக்கிறீங்க. வெங்காயத்துக்குத் தாளு அறுக்குற பொம்பளைங்களைப் போயி எடு. ஒரு கேலி பேசிகிட்டு இருப்பாளுங்க பாரு, உன் காதுல ரத்தம் வந்துடும். கண்ணுல தண்ணி வர்றது வெங்காயத்தால, கஷ்டத்தால இல்ல. கஷ்டம் இருக்குறது வெலையில. சின்ன வெங்காயத்துக்குப் பெரம்பலூரு மாவட்டம் பேரெடுத்தது. ஆனா வெலை ஏறுமா எறங்குமான்னு எந்த ஜோசியனாலயும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் பட்டறை. கீழ கல்லு, மேல கட்டை, சுத்தித் தட்டி, மேல கூரை. காத்து உள்ள பூந்து வெளிய வரணும். மாசக்கணக்கா வெங்காயம் அதுல வெலைக்குக் காத்துகிட்டுக் கெடக்கும். ஊரு ஊரா அந்தப் பட்டறைங்களை மட்டும் ஒருத்தன் எடுத்து வச்சான்னா, பின்னால ஷெட்டும் குளிரூட்டுக் கெடங்கும் வந்து எல்லாம் போனப்பறம் அவன் பேரைச் சொல்லுவாங்க. சாஞ்ச காலு உள்ள பட்டறையிலேருந்து ஆரம்பிக்கலாம். யாரு பட்டறைன்னு கேக்காத.

எடுத்த படத்தை அவங்ககிட்டப் போன்ல காட்டிட்டுப் போறது பத்தாது. பிரிண்டு போட்டுக் கொண்டாந்து குடு. நீ வராம ஏமாத்துன ஊருல அடுத்த தடவ உனக்குத் தண்ணி குடுக்க மாட்டாளுங்க.

சரி, தடிக்காரன் காசுக்கு வருவோம். பெட்ரோலு உன்னுது, டோலு உன்னுது, சாப்பாடு போற எடத்துல எல்லாம் நம்ம சொந்தம் இருக்கு. காருல முன் சீட்டு எனக்கு. வழி சொல்லணும்ல. டிக்கிய காலியா வச்சுக்க, துறையூருல ரெண்டு மூட்டை வெதை வெங்காயம் எடுக்க வேண்டியிருக்கு. துறையூரு பக்கம் படம் எடுக்க என்னா இருக்குன்னு கேட்டா, போற வழியில செட்டிகுளத்துல கரும்பு புடிச்ச முருகன் இருக்கான். அரியலூரு தாலுக்கா ஆபீசுல ஒரு பட்டா விஷயமா அரை மணி நேரம் நிக்கணும். நீ வெளிய மரத்தடியில ஆளுங்களை எடுத்துகிட்டு இரு. அங்க வர்ற மொகம் வேற எங்கயும் கெடைக்காது.

பங்குனியில வந்தா ரொம்ப நல்லது. திருமழபாடியில நந்தியம்பெருமானுக்குக் கல்யாணம். கொள்ளிடக் கரையில அவ்வளவு கூட்டம், படத்துக்குப் படமும் ஆச்சு. நந்தி கல்யாணம் பாத்தா முந்திக் கல்யாணம்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க, உனக்கும் முப்பத்திரண்டு ஆவுது. திருமானூருல ஒரு எடம் இருக்கு. பொண்ணு பள்ளிக்கூடத்துல வாத்தியாரு, நல்லாப் பேசும், காமிராவுக்கு மொகத்தைத் திருப்பிக்காதுன்னு விசாரிச்சுட்டன். உங்கம்மாகிட்டயும் பேசியாச்சு. அவங்க வீட்டுல உன் போட்டோ ஒன்னு கேக்குறாங்க. உன் போன் பூரா தேடிப் பாத்தா அந்தச் சாஞ்ச கோபுரப் படம்தான் இருக்கு, அதை அனுப்புனா பையனுக்குக் கை கோணலான்னு கேப்பாங்க. காரைக்குப் போறப்ப நல்ல சட்டையாப் போட்டுகிட்டு வா. பொழுது சாயறப்ப மேட்டுல நில்லு. அந்தக் காமிராவுல எந்தப் பட்டனை அமுக்கணும்னு மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லி வச்சுடு.